சூலத்தில் குத்திய சீட்டு

எனக்குத் தெரிந்த தமிழ் இலக்கணம் மூன்றே அணிகள்தான். ஒன்றை என் ஷூவுக்குள் படித்தேன். இன்னொன்றைத் தலைமையாசிரியர் அறையில், என் மச்சானுக்குப் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டே படித்தேன். மூன்றாவது என் கைக்கு வந்து சேரப் பதினேழு வருடம் ஆனது. மூன்றையும் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர்தான்.

அவரைப் பள்ளிக்கூடத்தில் தமிழம்மா என்போம். பெயரைச் சொல்ல மாட்டேன். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாத மனுஷியின் பெயரை நான் எடுத்து விரித்துவைப்பது முறையாகாது.

திருவாடானையிலிருந்து காலை பஸ்ஸில் வருவார், சாயங்கால பஸ்ஸில் போவார். ஒல்லியான, குள்ளமான உடம்பு. கையில் கறுப்புக் குடையும் மஞ்சப்பையும். கல்யாணம் ஆனவரா, கூடப்பிறந்தவர்கள் உண்டா, சொந்த ஊர் எது, எட்டு வருடம் கூட வேலை பார்த்தும் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. அபிராமம் பக்கம் என்று கணக்கு வாத்தியார் அடித்துச் சொல்வார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் முழிப்பார். சத்துணவு ஆயா ஒருநாள் விடாப்பிடியாக, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று துருவியிருக்கிறது. "இருக்கிற இடத்துல இருக்காக ஆயா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டாராம்.

வகுப்பிலும் அதே கதைதான். அணி இலக்கணத்தை அவர் கரும்பலகையில் எழுதிப்போட்டு நான் பார்த்ததே இல்லை. தேதிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்திருப்பார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு வரி எழுதி, நான்காய் எட்டாய் மடித்து, பள்ளிக்கூடம் முழுக்க ஒளித்துவைப்பார். மணியடிக்கத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டின் துளையில் ஒன்று இருக்கும். சத்துணவுக் கூடத்துக் கூரை இடுக்கில் ஒன்று, வேப்பமரப் பொந்தில் ஒன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து தேட வேண்டும். கிடைத்த சீட்டைப் பிரித்து, அந்த வரியில் இருப்பது உவமையா உருவகமா வேறு எதுவுமா என்று கண்டுபிடித்து அவரிடம் கொண்டுவந்து சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த சீட்டுக்குத் துப்புக் கொடுப்பார். தப்பாகச் சொன்னால் தப்பு என்றுகூடச் சொல்ல மாட்டார். சீட்டைத் திரும்ப மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். பிள்ளைகள் அழாத குறைதான்.

எங்கே இருக்கிறது என்று கெஞ்சினால் ஒரே பதில். "இருக்கிற இடத்துல இருக்கு. தேடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் உடற்கல்வி ஆசிரியர். அந்த மைதானத்தில் ஒரு பிள்ளை ஓட வேண்டும் என்றால் விசில் கொடுக்க வேண்டியவன் நான். வரிசை கிடையாது, விசில் கிடையாது, கோட்டை மிதித்துக்கொண்டு நாற்பதும் தாறுமாறாக ஓடினால் யாருக்குத்தான் கோபம் வராது? நேரே போய்ச் சண்டை போட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் டிரில் பீரியடுக்கு ஷூவை மாட்டினால் உள்ளே ஏதோ உறுத்துகிறது. கழற்றிப் பார்த்தால் சீட்டு. 'எங்கள் பி.டி. சார் இங்கே விசில் ஊதினால் ராமேஸ்வரத்தில் ரயில் நின்றுவிடும். இது என்ன அணி?' சன்னலுக்கு வெளியே நாற்பது தலைகள். கோபத்தில் விசிலை எடுத்து ஊதியேவிட்டேன். அத்தனை பிள்ளைகளும் "உயர்வு நவிற்சி" என்று ஒரே குரலில் கத்தின. அது முதல் அணி. அப்படிப் படித்தது மறக்குமா?

ஆனால் அந்தக் குணம் விளையாட்டோடு நிற்கவில்லை. ஆண்டாய்வுக்கு அதிகாரி வருகிற நாளில் தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டார். இரண்டு பீரியட் தேடினோம். பாவம், மனிதருக்கு வியர்வையில் வேட்டி நனைந்துவிட்டது. கடைசியில் அது வருகைப் பதிவேட்டுக்குள் இருந்தது. தமிழம்மா அதைக் காலையிலேயே பார்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, தேடி எடுத்த பொருள் மறுபடி தொலையாது என்றார். தலைமையாசிரியர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருக்க முடிகிற மனுஷியோடு எப்படிப் பழகுவது?

எங்கள் பள்ளிக்கூடத்துத் தெற்குச் சுவர் இடிந்து நாலைந்து வருடமாக அப்படியே கிடந்தது. அதைத் தாண்டினால் கருப்பர் கோயில். கோயில் என்றால் கட்டடம் கிடையாது. ஒரு பெரிய உடைமரம், அதன் கீழே நட்டுவைத்த அரிவாள்கள், நடுவில் ஆளுயரச் சூலம். ஆடு களவு போனாலும், வரப்பைத் தள்ளிப் போட்டாலும் எங்கள் பக்கத்துச் சனம் முதலில் போவது அங்கேதான். யார் என்ன செய்தார் என்று ஒரு சீட்டில் எழுதிச் சூலத்தில் குத்திவிட்டு வந்துவிடுவார்கள். எட்டு நாள் கெடு. அதற்குள் சீட்டில் சொல்லப்பட்டவருக்குக் கருப்பர் எதையாவது காட்டிவிடுவார் என்பது நம்பிக்கை. குத்தின சீட்டைப் பூசாரி தவிர யாரும் சூலத்திலிருந்து எடுக்கக்கூடாது. எழுதியவரே வந்து, எழுதியது நான்தான் என்று கருப்பர் முன் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டால் வழக்கு அதோடு முடிந்தது. பிறகு அந்தப் பேச்சை எடுக்கிறவன் கருப்பரையே பொய்யாக்குகிறவன் ஆவான். ஊரில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான்.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. கண்மாயில் கிடந்த கொஞ்சத் தண்ணீரும் மடைக்குப் போட்ட பூட்டுக்குள் இருந்தது. சாவி பெரிய வீட்டில். பெரிய வீடு என்றால் என் அக்காளைக் கட்டிய மச்சானின் வீடு. தன் வயலுக்குத் திறப்பார், வேண்டியவர்கள் வயலுக்குத் திறப்பார், மறுபடி பூட்டிவிடுவார். கடைமடை வயல்கள் வெடித்துக் கிடந்தன. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காள் வாழ்கிற வீடு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வயலுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் தமிழம்மா விளையாட்டை மாற்றினார். இந்த முறை சீட்டைப் பிள்ளைகளே எழுத வேண்டும், பிள்ளைகளே ஒளிக்க வேண்டும். ஒரு கட்சி ஒளித்ததை மறு கட்சி எடுக்க வேண்டும். எழுத வேண்டிய அணி தற்குறிப்பேற்றம்.

பத்தாம் வகுப்பில் ராக்கு என்றொரு பிள்ளை இருந்தது. நூறு மீட்டர் ஓட்டத்தில் எனக்கு வாய்த்த ஒரே நல்ல பிள்ளை. மாவட்டப் போட்டி வரை கூட்டிப்போயிருந்தேன். அவளுடைய அய்யா என் மச்சான் வயலில் வேலை பார்ப்பவர். அவர்கள் குடியிருந்த குடிசையும் மச்சான் புஞ்சையின் ஓரத்தில்தான் இருந்தது. அந்தப் பிள்ளை எழுதிய வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். 'இந்த வருடம் மழை நம் கண்மாய்ப் பக்கம் வராமல் போனது, மடையைப் பூட்டி வைத்திருக்கும் பெரிய வீட்டு அய்யா முகத்தில் விழிக்கக் கூசித்தான்.'

எழுதிவிட்டாள். எங்கே ஒளிப்பது? பொந்தும் துளையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இடங்கள். சீட்டு குத்துவதற்கென்றே ஊரில் ஓர் இடம் இருக்கிறது, அங்கே எவரும் கைவைக்க மாட்டார்கள், நம் கட்சி ஜெயித்துவிடும் என்று அந்தச் சின்னப் புத்திக்குத் தோன்றியிருக்கிறது. இடிந்த சுவரைத் தாண்டிப் போய்ச் சூலத்தில் குத்திவிட்டு ஓடிவந்துவிட்டாள். அவள் ஓட்டத்துக்கு அது எத்தனை நேரம்?

மணியடித்தபோது ஒரு சீட்டு குறைந்தது. பிள்ளைகள் போய்ச் சொன்னார்கள். அங்கேதான் தமிழம்மா தப்பு செய்தார். யார் சீட்டு, எங்கே வைத்தாய் என்று நிற்கவைத்துக் கேட்டிருக்க வேண்டும். "இருக்கிற இடத்துல இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். இதற்காக அவரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

மூன்றாம் நாள் என் அக்காள் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு வயதுப் பையன். ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. அக்காள் அழுதுகொண்டே கோடாங்கியிடம் குறி கேட்கப் போனாள். அவர் உடுக்கையை அடித்துவிட்டு, "எழுத்து நிக்குது தாயி" என்றார். பூசாரியைக் கூட்டிப்போய்ப் பார்த்தால் சூலத்தில் சீட்டு. சனிக்கிழமை இருட்டு விலகாத நேரம் அது, ஆறாம் நாள். கெடு முடிய இன்னும் இரண்டே நாள் இருந்தது.

சீட்டின் மறுபக்கம் காலண்டர் தேதி. ஊருக்குள் காலண்டர் தாளைத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு திரிகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

விடிந்ததும் மச்சான் என் வீட்டுக்கு வந்து, பூசாரி எடுத்துக் கொடுத்த சீட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. போட்டிப் படிவங்களைப் பிள்ளைகள் கையாலேயே நிரப்பச் சொல்வது என் வழக்கம். ராக்குவின் எழுத்து ஒவ்வொன்றும் ஓடப்போகிறது மாதிரி முன்னால் சாய்ந்திருக்கும். அதே எழுத்து.

"யாரு எழுத்து மாப்ளே?" என்றார் மச்சான்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்ப்போம் என்று சொல்லிச் சட்டையை மாட்டினேன். வழியில் அவர் நிதானமாகச் சொன்னார். எழுதினது எவனோ எவளோ, முதலில் அவர்கள் கையாலேயே சீட்டைத் திருப்பி வாங்கவைக்க வேண்டும். மகன் எழுந்து உட்கார்ந்த பிறகு அந்தக் குடும்பம் தன் நிலத்தில் ஒரு ராத்திரி தங்கக்கூடாது, பிள்ளை படித்தது போதும். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தேன். பேரைச் சொன்னால் ராக்குவின் குடும்பம் தெருவுக்கு வரும், அவள் படிப்பும் ஓட்டமும் அன்றோடு சரி. சொல்லாமல் இருந்து பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தாய்மாமன் நான். தெரிந்தும் சொல்லாதவன் என்று காலத்துக்கும் என் மனமே என்னைத் தின்றுவிடும். பி.டி. மாஸ்டர் பகுத்தறிவுக்காரன் என்று ஊரில் பேர். அந்த ஒன்றரை மைல் நடையில் என் பகுத்தறிவு எங்கே போனது என்று தெரியவில்லை.

தமிழம்மா சனிக்கிழமைச் சிறப்பு வகுப்புக்கு வந்திருந்தார். நாங்கள் போவதற்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ராக்கு விடியற்காலையிலேயே ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கியவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தலைமையாசிரியர் அறையில் மச்சானும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் உட்காரவில்லை. மச்சான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "இத எழுதுன பிள்ளை யாருன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். அது வந்து திருப்பி வாங்கிக்கிட்டா என் மகன் பொழைச்சுக்கிருவான். அம்புட்டுத்தான்."

தமிழம்மா சீட்டை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஒரு வினாடி அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்தேன். அந்த இடத்தில், அந்த நிலைமையில், ஒரு நல்ல வரியைப் படித்த சந்தோஷம் அந்த மனுஷிக்கு.

"இது பாடங்க. தற்குறிப்பேற்றம்" என்றார். "மழை அதுபாட்டுக்கு வரல. எழுதுன பிள்ளை தன் மனசுல உள்ள காரணத்தை அது மேல ஏத்திச் சொல்லுது. உங்க மகனுக்குக் காய்ச்சல் அதுபாட்டுக்கு வந்துச்சு. நீங்க இந்தச் சீட்டை அது மேல ஏத்திச் சொல்றீக. ரெண்டும் ஒண்ணுதான்."

இரண்டாவது அணி எனக்கு அப்போது புரிந்தது. புரிந்து என்ன? மச்சானின் முகம் கறுத்துவிட்டது. தலைமையாசிரியர் "அம்மா, அம்மா" என்று முனகினார். மச்சான் குரலை உயர்த்தவில்லை. பத்தாம் வகுப்பு நோட்டுகளை எடுத்துவரச் சொன்னார். என் மாப்பிள்ளை எழுத்தை ஒத்துப்பார்த்துச் சொல்வான் என்று என் தோளில் கைவைத்தார்.

நோட்டுகள் எங்கே என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"இருக்கிற இடத்துல இருக்கு சார்."

அந்த வார்த்தையை நூறு தடவை கேட்டு எரிச்சல் பட்டவன் நான். அன்றைக்கு எரிச்சல் வரவில்லை. நாற்பது நோட்டையும் ஒளித்துவிட்டார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

அதன் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்த தேடலை நான் மறக்க முடியாது. வளர்ந்த ஆம்பளைகள் பெஞ்சுகளைக் கவிழ்த்தார்கள், பீரோவைத் திறந்தார்கள், சத்துணவு அடுப்புக்குள் குனிந்து பார்த்தார்கள். ஓர் ஆள் வேப்பமரத்தில் ஏறிப் பொந்துக்குள் கையை விட்டான். தமிழம்மா மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் மிச்சம் இருந்தது விளையாட்டுச் சாமான் அறை. அதன் ஒரு சாவி என்னிடம், இன்னொன்று அலுவலகத்து ஆணியில். திறந்து உள்ளே போனேன். மச்சான் வாசலில் நின்றார். மூலையில் பந்துச் சாக்கு. என்னிடம் மொத்தம் இருந்தது ஆறு பந்து, அதில் நாலுக்குக் காற்று இல்லை. சாக்கு கழுத்து வரைக்கும் நிறைந்து நின்றது. மூலைகள் கட்டம் கட்டமாகப் புடைத்துக்கொண்டிருந்தன.

மச்சானுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. எத்தனை பந்து என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். கை நடுங்கியது. பையன் முகம் கண்ணுக்குள் வந்தது. ஈட்டியை எடுத்துப் பார்த்தேன், குண்டை நகர்த்திப் பார்த்தேன், சாக்கின் மேல் ஒரு கையை வைத்துச் சாய்ந்துகொண்டேன். மச்சான் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். வெளியே வந்தபோது தமிழம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. என் அறையில் வைத்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? என்ன தைரியம் பாருங்கள்.

மச்சான் விடுகிற ஆள் இல்லை. திங்கட்கிழமை பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து அதே வரியை எழுதச் சொன்னால் தெரிந்துவிடப் போகிறது என்றார். திங்கட்கிழமை எட்டாம் நாள். அப்போதுதான் தமிழம்மா எழுந்தார்.

"திங்கக்கிழமை வரைக்கும் எதுக்குங்க? பிள்ளை காய்ச்சல்ல கிடக்கான். இப்பவே கருப்பர்கிட்டப் போவோம். சீட்டுக்குப் பொறுப்பு நான். நானே சூடம் அணைச்சு வாங்கிக்கிறேன்."

பூசாரிக்கு ஆள் போனது, கூடவே ஊரும் திரண்டது. வெளியூர் மனுஷி, கருப்பர் சட்டம் எப்படித் தெரியும் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பொய்ச்சத்தியம் பண்ணினால் வம்சம் இருக்காது என்று பூசாரி அவரிடம் இரண்டு முறை எடுத்துச் சொன்னார். எங்கள் பக்கத்தில் கொலை செய்தவன்கூட அந்த மரத்தடியில் பொய் சொல்லத் துணிய மாட்டான். தமிழம்மா செருப்பைச் சுவருக்கு இந்தப் பக்கம் கழற்றிவிட்டு, இடிந்த கல்லைத் தாண்டிப் போனார். நடு மத்தியானம். வெக்கையில் அரிவாள்களைத் தொட்டால் கை பொரிந்துவிடும்.

பூசாரி சீட்டை வாங்கித் திரும்பச் சூலத்தில் குத்திவிட்டு, சூடத்தை ஏற்றினார். தமிழம்மா உள்ளங்கையை நீட்டிக்கொண்டு, வகுப்பில் வாசிக்கிற அதே குரலில் சொன்னார். "இந்த வரியை எழுதச் சொன்னது நான். ஒளிக்கச் சொன்னதும் நான். ஒரு சீட்டு வரலைன்னு தெரிஞ்சும் தேடாம விட்டதும் நான். இதுக்கு என்ன வருமோ அது எனக்கு வரட்டும். அந்தப் பையன் நல்லா இருக்கட்டும்." கையை வைத்து அழுத்தினார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எழுதச் சொன்னவரும் எழுதியவர்தான் என்று பூசாரி சீட்டைச் சூலத்திலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மச்சானுக்கு மனது ஆறவில்லை. இன்னொரு சூடத்தை அவரே எடுத்துக் கல்லில் வைத்து ஏற்றினார். "மாப்ளே, நீ வா. அது யாரு எழுத்துன்னு உனக்குத் தெரியாதுன்னு சொல்லி அணை. எனக்கு அது போதும்."

நான் முன்னால் போனேன். வேறு என்ன செய்வது? தெரியாது என்று சொல்லி அணைத்தால் பொய்ச்சத்தியம். எனக்கும் இரண்டு பிள்ளைகள். அணைக்க மறுத்தால் தெரியும் என்று அர்த்தம். கையை நீட்டிவிட்டேன். அது ஊரே பார்க்க நடுங்கியது. நான் என்ன சொல்லியிருப்பேன்? இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. பேரைச் சொல்லியிருக்கவும் கூடும். அதுதான் உண்மை.

என் கைக்கும் சூடத்துக்கும் நடுவில் இன்னொரு கை வந்தது. தமிழம்மா ஏற்கெனவே வெந்துபோன அதே உள்ளங்கையை வைத்து இரண்டாவது சூடத்தையும் அணைத்துவிட்டார். "ஒரு வழக்குக்கு ஒரு சத்தியந்தானே பூசாரி?" என்றார்.

பூசாரி ஆமாம் என்றார். மச்சான் சூலத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதன் பிறகு அவர் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ராக்குவின் குடும்பம் அந்தக் குடிசையிலேயே இருந்தது. அவள் அந்த வருடம் பத்தாம் வகுப்பில் தேறி, மேலே படித்து, ஆசிரியர் பயிற்சிக்குப் போய், இப்போது உப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள்.

பையனுக்குப் பத்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஊசிக்கு இறங்கியது என்றேன் நான். கருப்பருக்கு இறங்கியது என்றாள் அக்காள். ஊர் இன்னொன்றுக்காகக் காத்திருந்தது. சத்தியம் பண்ணியதிலிருந்து எட்டு நாளும் தமிழம்மாவுக்கு என்ன ஆகும் என்று பார்த்தது. நானும்தான் பார்த்தேன். பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் காலையில் டிரில் பீரியடைப் பாதியில் விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பேன். பஸ் நிற்கும். முதலில் குடை இறங்கும், பிறகு மஞ்சப்பை, பிறகு கட்டுப் போட்ட கையோடு அவர். எனக்கு மூச்சு வரும். கெடு முடியும்வரை ஒருநாளும் தவறாமல் வந்தார். கெடு முடிந்த பிறகும் வந்தார்.

அந்த மாதக் கடைசியில் மாறுதல் உத்தரவு வந்தது. யார் போய் யாரைப் பார்த்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அவர் கடைசியாக வந்த நாளில், மைதானத்தில் ராக்குவும் இன்னும் நாலு பிள்ளைகளும் என்னுடைய ஐம்பது மீட்டர் அளவு நாடாவை முழுக்க இழுத்துப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று கத்தினேன். தமிழம்மாதான் எடுக்கச் சொன்னார்கள் என்றாள் ராக்கு. அதற்கும் சேர்த்து ஒரு கத்து கத்தினேன். சாயங்காலம் அவர் என்னைத் தாண்டிப் போனபோது பேச வாயெடுத்தேன். அவர் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். நடுங்கின கையைப் பார்த்தவர், இவனெல்லாம் ஒரு ஆம்பளையா என்று நினைத்திருப்பார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

பதினேழு வருடம் அந்த நினைப்போடு இருந்தேன். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், சூடத்துக்கு முன்னால் கையை நீட்டிய பாவம் என்று தோன்றும். தற்குறிப்பேற்றம் என்று தெரியும். தெரிந்தும் தோன்றும்.

பிறகு பள்ளிக்கூடத்தை மேல்நிலையாக்கினார்கள். பின்னால் இருந்த சீமைக்கருவேலங்காட்டை வெட்டி, புதிதாக ஓடுதளம் போட அளக்கச் சொன்னார்கள். பழைய மைதானத்தில் நூறு மீட்டருக்குக் கல் நட்டு வைத்திருந்தோம். குண்டும் வட்டும் எறிவதற்கு முப்பது மீட்டருக்கு மேல் நாடாவை இழுத்ததே கிடையாது. அன்றைக்குத்தான் முழுக்க இழுக்க வேண்டி வந்தது. ஒரு பையன் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். நாற்பது, நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு. நாடாவின் கடைசிச் சுற்றில் பசை போட்டு ஒட்டிய காலண்டர் தாள் ஒன்று வெளியே வந்தது.

மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தேன். 'பி.டி. சாருக்குப் பயம். அக்காள் மகன் காய்ச்சலில் கிடந்தான். சாக்கில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கை நடுங்கியது. வாய் திறக்கவில்லை.' கீழே, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்காமல் பதிலையே எழுதியிருந்தார். 'இயல்பு நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொல்வது.'

பிள்ளைகளுக்கு ஒருநாளும் பதில் சொல்லாத மனுஷி, எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கை நடுங்கியதையும் விடாமல் எழுதியிருந்தாரே, அதைப் பார்த்துத்தான் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விளையாட்டின் விதிப்படி, எடுத்த சீட்டை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவாடானைக்குப் போனேன். பிறகு அபிராமத்துக்கும் போனேன். ராக்குவைப் போய்க் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எங்க இருக்காக?" என்றேன்.

அவள் சிரித்தாள். "இருக்கிற இடத்துல இருக்காக சார்" என்றாள். எவ்வளவு கெஞ்சியும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.